ஒழுகும் தளமும் 30 சதவீதமும்

வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு வீட்டின் மொட்டைமாடி ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் முன்னே சில வழிகள் உண்டு. விரிசலைச் சுரண்டிச் சிமெண்ட் பால் ஊற்றி, மேலே கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம். பழைய தட்டோட்டை மொத்தமாகப் பெயர்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து புதிதாகத் தளம் போட்டு, மீண்டும் ஓடு பதிக்கலாம். அந்தத் தொல்லையே வேண்டாமென்று மாடி முழுக்க இரும்புக் குழாய் நட்டு ஷீட் கூரை போடலாம்; ஒழுகலும் நிற்கும், மழைநாளில் துணி உலர்த்தவும் இடம் கிடைக்கும். கையில் பணமும் கட்டட அனுமதியும் இருந்தால் மேலே இன்னொரு மாடியே எழுப்பிவிடலாம். நான்குமே ஒழுகலை நிறுத்தத் தொடங்கிய வேலைகள்தான். முதலாவது மராமத்து என்பதில் யாருக்கும் ஐயமில்லை; கடைசியானது மேம்பாடு என்பதிலும் ஐயமில்லை. நடுவில் இருக்கும் இரண்டையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று இரண்டு ஆடிட்டர்களைக் கேட்டால் இரண்டு பதில் வரும். இன்றைய பேச்சு அந்த நடு இடத்தைப் பற்றியது.

வரிச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏன் பார்க்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். மராமத்து என்பது இந்த ஆண்டு வாடகை நிற்காமல் வருவதற்காகச் செய்கிற செலவு. ஆகவே அதை இந்த ஆண்டு வாடகையிலிருந்து கழிப்பது நியாயம். மேம்பாடு சொத்தின் மதிப்பையே கூட்டுகிறது. அதன் பலன் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நீளும். ஆகவே அதைச் சொத்தின் விலையோடு சேர்த்துவைத்து, ஆண்டுதோறும் தேய்மானமாகவோ விற்கும்போது லாபத்திலிருந்தோ கழிக்க வேண்டும். கொள்கை இவ்வளவுதான், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதில்தான் நூறு ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது.

அந்த வழக்குகளில் சிலவற்றைப் பார்ப்பது பயன் தரும். இங்கிலாந்தில் 1911இல் லர்காட் எதிர் வேக்லி என்ற வழக்கு, வீட்டுக்காரருக்கும் குத்தகைதாரருக்கும் இடையிலானது. மிகப் பழைய வீடு ஒன்றின் முன்சுவர் விழும் நிலைக்கு வந்துவிட்டது; இடித்துக் கட்டும்படி அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். சுவரையே புதிதாகக் கட்டுவது மராமத்தா என்ற கேள்விக்கு நீதிமன்றம் ஆம் என்றது. ஒரு முழுமையின் துணைப்பகுதியை மாற்றினால் அது மராமத்து, முழுமையையே மாற்றினால் அல்ல என்பது அங்கே பிறந்த அளவுகோல். வரி வழக்குகளும் இதையே கையில் எடுத்துக்கொண்டன. ஆனால் எது முழுமை, எது பகுதி? 1932இல் புல்கிராஃப்ட் நிலக்கரிச் சுரங்க நிறுவனம் பழுதான புகைபோக்கிக்குப் பதில் அருகிலேயே புதியது கட்டியபோது, புகைபோக்கியே தனி முழுமை, ஆகவே இது மூலதனச் செலவு என்று தீர்ப்பு வந்தது. 1951இல் சாமுவேல் ஜோன்ஸ் நிறுவனம் தன் தொழிற்சாலையின் புகைபோக்கியை மாற்றிக் கட்டியபோது, தொழிற்சாலைதான் முழுமை, புகைபோக்கி அதில் ஒரு துணைப்பகுதி, ஆகவே இது மராமத்து என்று ஸ்காட்லாந்து நீதிமன்றம் சொன்னது. கட்டியது இரண்டு இடத்திலும் புகைபோக்கிதான். அளவுகோலும் ஒன்றுதான். அதை எங்கிருந்து வைத்து அளந்தார்கள் என்பதில்தான் வரி மாறிப்போனது.

நம் நீதிமன்றங்களும் இதே சுழலில் சிக்கியவைதான். 1956இல் நியூ ஷோராக் மில் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா, இருக்கிற சொத்தைக் காப்பதற்காகச் செய்வது நடப்பு மராமத்து, புதிய சொத்தையோ புதிய நன்மையையோ உண்டாக்குவது அப்படியல்ல என்று வரையறுத்தார். உச்ச நீதிமன்றம் 1997இல் பல்லிமால் நவல் கிஷோர் வழக்கில் அந்த வரையறையை அப்படியே ஏற்றது. அந்த வழக்கு ஒரு சினிமா தியேட்டரைப் பற்றியது. கட்டடத்தைப் பெரிய அளவில் சரிசெய்ததோடு, புதிய இயந்திரம், புதிய மரச்சாமான்கள், புதிய கழிவறைச் சாமான்கள், புதிய மின்கம்பி எல்லாம் போட்டார்கள். இதை எப்படி நீட்டிப் பார்த்தாலும் நடப்பு மராமத்து என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். இங்கிலாந்தில் 1971இல் ஒடியன் தியேட்டர்கள் வழக்கு வேறு விதமாக முடிந்திருந்தது. போர்க்கால விதிகளால் பராமரிப்பு தள்ளிப்போன தியேட்டரை வாங்கி, பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த மராமத்தை வாங்கியவரே செய்தார். வாங்கும்போதே அது படம் ஓட்டும் நிலையில் இருந்தது, பழுதைக் காட்டி விலையும் குறைக்கப்படவில்லை என்பதால் அந்தச் செலவு அனுமதிக்கப்பட்டது. 2007இல் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில், நூற்பாலையின் ரிங் பிரேமை மாற்றுவது நடப்பு மராமத்து ஆகாது, ஆலையில் ஒவ்வொரு இயந்திரமும் தனிச் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. புல்கிராஃப்ட்டின் புகைபோக்கி, ரிங் பிரேம் வடிவில் நம் ஊருக்கு வந்து சேர்ந்த கதை அது.

அமெரிக்கர்கள் இந்தச் சுழலிலிருந்து வெளியேற வேறு வழி பார்த்தார்கள். நீதிபதியின் உணர்வுக்கு விடாமல், விதிப்புத்தகத்தில் உதாரணங்களை அடுக்கினார்கள். அவர்களுடைய 2013ஆம் ஆண்டு விதிகளில், 300 ஜன்னல் உள்ள அலுவலகக் கட்டடத்தில் 100 ஜன்னலை மாற்றினால் மராமத்து, 200ஐ மாற்றினால் மூலதனச் செலவு என்ற அளவுக்கு விவரம் இருக்கிறது. கட்டடத்தின் மின்சாரம், குழாய், லிஃப்ட், தீயணைப்பு என்று ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனி முழுமையாகப் பார்க்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. 150 ஜன்னலை மாற்றியவர் என்ன செய்வார் என்று கேட்டுவிடாதீர்கள். ஆனால் இவ்வளவு நுணுக்கத்தை எழுதி முடித்தபோது, சிறு வீட்டுக்காரர்களால் இதைத் தாங்க முடியாது என்பதையும் அவர்களே உணர்ந்தார்கள். கட்டடத்தின் மூல விலை 10 லட்சம் டாலருக்கு மேற்படாமல் இருந்து, அந்த ஆண்டின் மராமத்து, பராமரிப்பு, மேம்பாடு எல்லாம் சேர்ந்து அந்த விலையின் 2 சதவீதத்தையோ 10,000 டாலரையோ, இதில் எது குறைவோ அதைத் தாண்டாவிட்டால், எதையும் பிரித்துப் பார்க்காமல் முழுவதையும் கழித்துக்கொள்ளலாம் என்று சிறு வரிதாரர்களுக்கு விலக்கு வைத்தார்கள். நுணுக்கத்தின் உச்சிக்கு ஏறியவர்களே, கீழே இருப்பவர்களுக்கு ஏணி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தியா இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. வாடகை வீட்டைப் பொறுத்தவரை நம் சட்டம் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை என்று முடிவெடுத்தது. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே மராமத்துக்காக ஆண்டு மதிப்பில் ஆறில் ஒரு பங்கைக் கழிக்கும் முறை இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஒன்றைக் கேட்டது: மராமத்தைச் செய்வதாக ஏற்றுக்கொண்டவர் வீட்டுக்காரரா, குடியிருப்பவரா? குடியிருப்பவர் ஏற்றிருந்தால் கழிவு வேறு கணக்கில் போகும். 1961 சட்டத்திலும் இது தொடர்ந்தது. அதோடு வாடகை வசூல் செலவு, காப்பீடு, நிலவரி என்று தனித்தனி இனங்கள் இருந்தன. ஆறில் ஒன்று பிற்பாடு ஐந்தில் ஒன்றாகவும், நான்கில் ஒன்றாகவும் ஏறியது. 2001 நிதிச் சட்டத்தில், யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சராக இருந்தபோது, இந்த இனங்கள் எல்லாவற்றையும் சுருட்டி இரண்டே கழிவுகளாக்கினார்கள். ஒன்று, உள்ளாட்சி வரி போக மீதியுள்ள ஆண்டு மதிப்பில் 30 சதவீதம். மற்றொன்று கடன் வட்டி. யார் மராமத்து செய்தார், செய்தாரா இல்லையா, என்ன செலவானது, எதுவும் கேள்வியில்லை. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டமும் அந்த 30 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த எளிமையை வரித்துறையும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து பாராட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் ஒன்றைப் பாராட்டினால், அங்கே இல்லாத மூன்றாம் ஆள் யார் என்று பார்ப்பது நல்லது. என் வாதம் இதுதான்: 30 சதவீதம் என்ற விதி மராமத்தா மேம்பாடா என்ற கேள்விக்கு விடை தரவில்லை, விற்கும் நாள் வரை அதைத் தள்ளிப்போட்டிருக்கிறது. தள்ளிப்போடும் அந்தக் காலத்தில் சாட்சியங்கள் அழிந்துவிடுகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த 30 சதவீதம் தேவையான இடத்துக்குப் போகாமல், தேவையற்ற இடத்துக்கு அதிகமாகப் போகிறது.

பின்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே வரைபடம், ஒரே பரப்பு, ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று சென்னை தியாகராய நகரில். மாத வாடகை 25,000 ரூபாய். மற்றொன்று திருக்கோவிலூரில், மாத வாடகை 8,000. சென்னை வீட்டின் ஆண்டு வாடகை 3 லட்சம். சொத்து வரி 12,000 போனால் 2,88,000. அதில் 30 சதவீதம் 86,400 ரூபாய். திருக்கோவிலூர் வீட்டின் ஆண்டு வாடகை 96,000. வரி 3,000 போனால் 93,000. 30 சதவீதம் 27,900 ரூபாய். இரண்டு வீட்டிலும் வயரிங் பட்டுப்போய் முழுவதும் மாற்ற வேண்டியிருக்கிறது. செலவு ஒன்றரை லட்சம் என்று கொள்வோம். கம்பிக்கும் சுவிட்சுக்கும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். ஆள் கூலியில் சிறிது வித்தியாசம் இருக்கலாம். சென்னைக்காரருக்கு இரண்டு ஆண்டுக் கழிவிலேயே அந்தச் செலவு அடங்கிவிடும். திருக்கோவிலூர்க்காரருக்கு ஐந்து ஆண்டும் போதாது. இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் வேறு ஒரு குழாய்கூடப் பழுதாகக் கூடாது. காரணம் வெளிப்படையானது. தியாகராய நகர் வாடகையில் பெரும்பங்கு அந்த இடத்துக்கான விலை. இடம் தேயாது, துருப்பிடிக்காது, ஒழுகாது. தேய்வது கட்டடம் மட்டுமே. வாடகையை அளவாக வைத்துத் தேய்மானத்துக்குக் கழிவு கொடுத்தால், தேயாத மண்ணுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

கட்டடத்தின் வயதையும் இந்த விதி பார்ப்பதில்லை. போன ஆண்டு சாவி வாங்கிய அடுக்ககத்துக்கும் 30 சதவீதம். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரம் உளுத்துப்போன எழுபது வருட வீட்டுக்கும் 30 சதவீதம். மராமத்து முழுவதையும் குடியிருப்பவர் தலையில் கட்டிவிட்ட வீட்டுக்காரருக்கும் அதே 30 சதவீதம். பழைய சட்டம் கேட்ட அந்த ஒரு கேள்வியையும் பிற்பாடு தூக்கிவிட்டோம். ஒரு விசித்திரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மராமத்துக்காகக் கடன் வாங்கினால் அந்த வட்டி, 30 சதவீதத்துக்கு மேலே தனியாகக் கழிகிறது. சேமிப்பை எடுத்துச் செலவழித்தவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆக, உண்மைச் செலவைப் பார்க்கவே முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. வங்கி அந்தச் செலவைப் பார்த்திருந்தால் தானும் பார்க்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. எந்தச் சராசரி விதியும் ஒருவருக்குக் கூடுதலாகவும் ஒருவருக்குக் குறைவாகவும்தான் பொருந்தும். நாடு முழுக்க உள்ள சிறு வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கொத்தனார் சீட்டு, பெயின்ட் கடை பில் என்று கேட்கத் தொடங்கினால், பொய் பில் எழுதும் தொழில்தான் செழிக்கும். அதிகாரிக்குக் கையூட்டு வாங்க இன்னொரு வாசல் திறக்கும். இந்த மறுப்பில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் 30 சதவீதத்தை ஒழித்துவிட்டு எல்லாரையும் பில்லோடு வரச் சொல்லும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எளிமைக்காகச் சராசரியை வைக்கலாம் என்பது ஒன்று. அந்தச் சராசரி எதை அளக்க வேண்டுமோ அதை அளக்காமல் வேறொன்றை அளக்கிறது என்பது வேறொன்று. பிரிட்டனில் மரச்சாமான்களோடு வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் நிகர வாடகையில் 10 சதவீதம் கழிக்கும் சலுகை இருந்தது. எதையும் மாற்றாதவருக்கும் அது கிடைத்தது என்பதாலேயே 2016 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு, உண்மையில் மாற்றிய சாமானின் செலவை மட்டும் கழிக்கலாம் என்று மாற்றினார்கள். அதிலும் மேம்பாட்டுப் பங்கைப் பிரித்துவிட்டார்கள். சாதாரண சோபாவைத் தூக்கிவிட்டுச் சோபா-கட்டில் வாங்கினால், சோபாவுக்கு ஆகியிருக்கும் விலை மட்டுமே கழியும். அந்த அளவுக்கு நாமும் போக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நம்மைப் போலவே சதவீதத்தில் சாய்ந்திருந்த ஒரு நாடு, அதன் பலவீனத்தைக் கண்டு விலகியது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

இனி விற்கும் நாளுக்கு வருவோம். வீட்டை விற்று வரும் லாபத்தைக் கணக்கிடும்போது, வாங்கிய விலையோடு மேம்பாட்டுச் செலவையும் கழிக்கலாம். மேம்பாட்டுச் செலவு என்பதற்கு 1961 சட்டத்தின் 55ஆம் பிரிவு தந்த இலக்கணத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. சொத்தில் சேர்த்ததற்கோ மாற்றி அமைத்ததற்கோ ஆன மூலதனத் தன்மையுள்ள செலவாக இருக்க வேண்டும். வீட்டு வருமானம் முதலிய மற்ற தலைப்புகளில் கழிக்கத்தக்க செலவாக இருக்கக் கூடாது. இங்கேதான் தள்ளிப்போட்ட கேள்வி வாசலில் வந்து நிற்கிறது. வயரிங்கை முழுவதும் மாற்றினாரே, அது மூலதனச் செலவா? இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டாரே, அது? தட்டோட்டைப் பெயர்த்துப் புதுத் தளம் போட்டாரே, அது? அதிகாரி சொல்வார்: இதெல்லாம் மராமத்து, அதற்குத்தானே ஆண்டுதோறும் 30 சதவீதம் வாங்கினீர்கள். வீட்டுக்காரர் சொல்வார்: அந்த 30 சதவீதம் வாடகையைக் கணக்கிட்டு வந்தது, என் வயரிங்கைக் கணக்கிட்டு வந்ததல்ல; இந்தச் செலவை நான் எங்கும் கழிக்கவில்லை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சட்டம் 30 சதவீதம் எதற்காக என்று சொல்லாமல் விட்டதால், அது எதையெல்லாம் விழுங்கிவிட்டது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

பணமாகப் பார்த்தால் இது சிறிய விஷயமல்ல. 2012-13இல் ஒருவர் 10 லட்சம் செலவழித்து மாடியில் ஒரு பகுதியைக் கட்டி வாடகைக்கு விட்டார். 2025-26இல் வீட்டை விற்கிறார். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்பதால், நாட்டில் வசிக்கும் தனிநபராக அவருக்கு இரண்டு வழி. பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம், அல்லது குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம். குறியீடு 2012-13இல் 200, 2025-26இல் 376. முதல் வழியில் அவருடைய 10 லட்சம் 18 லட்சத்து 80 ஆயிரமாகிறது. அதற்கான வரி மிச்சம் 3 லட்சத்து 76 ஆயிரம். இரண்டாவது வழியில் 1 லட்சத்து 25 ஆயிரம். எந்த வழியில் போனாலும் இந்தத் தொகை ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது: பில் எங்கே? பதின்மூன்று ஆண்டுக்கு முந்தைய கொத்தனார் வாரக் கூலியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்கு எழுதிக் கொடுத்தவர். கம்பி வாங்கிய கடை மூடிவிட்டது. மிஞ்சியிருப்பது மின் இணைப்புக்கான ரசீதும், சொத்து வரி கூடிய ஆண்டும், மதிப்பீட்டாளரின் அறிக்கையும்தான். மாடி கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அவராவது வாதாடலாம். சுவருக்குள் போன வயரிங்குக்கும் தரைக்குள் போன குழாய்க்கும் சாட்சியே இல்லை.

குறியீட்டுச் சலுகையே போய்க்கொண்டிருக்கிறது, இனி இந்த வாதத்துக்கு மதிப்பேது என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கிய வீடுகளுக்குக் குறியீடு கிடையாது. கழிக்க எஞ்சியிருப்பது முக்கியமாக வாங்கிய விலையும் மேம்பாட்டுச் செலவும்தான். கையில் இருக்கும் சீட்டுகள் குறையும்போது ஒவ்வொரு சீட்டின் பெறுமதியும் கூடும்.

இன்னொரு ஏற்றத்தாழ்வும் கவனத்துக்குரியது. வாடகைக்கு விடுவதே முதன்மைத் தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு அந்த வாடகை தொழில் வருமானமே என்று 2015இல் சென்னை பிராபர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் அந்த நிறுவனம் நடப்பு மராமத்தை முழுவதும் செலவாக எழுதலாம். மேம்பாட்டுக்குத் தேய்மானம் கேட்கலாம். சாக்ளா வகுத்த கோட்டின் பலன் அதற்குக் கிடைக்கும். 2024இன் நிதிச் சட்டம், உரிமையாளர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்டு வரும் பணம் இனி தொழில் வருமானம் ஆகாது, வீட்டு வருமானமே என்று கதவைச் சாத்தியது. வணிக வளாகத்துக்கு உண்மைச் செலவு, மயிலாப்பூரில் இரண்டு போர்ஷன் விட்டிருப்பவருக்குச் சதவீதம் என்று பிரிந்துவிட்டது. வரி ஏய்ப்பைத் தடுக்கத்தான் இந்தத் திருத்தம் என்று அரசுத் தரப்பு சொல்லலாம், அது பொய்யுமல்ல. ஆனால் ஏய்ப்பைத் தடுத்ததோடு, பழைய வீட்டைத் தூக்கி நிறுத்தப் பெருஞ்செலவு செய்பவருக்கு இருந்த ஒரே மாற்று வழியும் அடைபட்டது.

அப்படியானால் என்னதான் செய்வது? எனக்குத் தோன்றுவதில் முதலாவது, செலவில்லாதது. வருமான வரிப் படிவத்தில் வாடகை வீட்டுக்கான பகுதியில் முகவரி, வாடகை, உள்ளாட்சி வரி, வட்டி எல்லாம் கேட்கிறார்கள். இந்த ஆண்டு வீட்டில் செய்த மூலதன வேலை என்ன, எவ்வளவு, எந்த வழியில் பணம் கொடுத்தீர்கள் என்று இன்னொரு கட்டத்தைச் சேர்த்தால் போதும். விற்கும் ஆண்டின் படிவத்தில் மேம்பாட்டுச் செலவுக்கு இடம் இருக்கிறது. செய்த ஆண்டின் படிவத்தில் இல்லை. செய்த ஆண்டிலேயே எழுதிவைத்தால், அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அப்போதே கேட்கலாம். கொத்தனாரும் கடையும் அப்போது ஊரிலேயே இருப்பார்கள். ஆளுக்கு ஆள் கட்டம் கூட்டிக்கொண்டே போனால் படிவம் தாங்குமா என்பார்கள். உயர்ந்த வருமானக்காரர்கள் ஏற்கெனவே தங்கள் அசையாச் சொத்துகளின் விலையை ஆண்டுதோறும் ஒரு பட்டியலில் எழுதித்தான் வருகிறார்கள். இதை விருப்பக் கட்டமாக வைத்தால், எழுத ஒன்றுமில்லாதவர் தொடாமல் தாண்டிப் போவார்.

வெள்ளையடித்ததைக்கூட மேம்பாடு என்று எழுதிவைப்பார்களே என்பது அடுத்த மறுப்பு. எழுதினால் அந்த ஆண்டு ஒரு பைசா கிடைக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். என்றோ ஒருநாள் வீட்டை விற்றால், அந்தத் தொகையில் எட்டில் ஒரு பங்கு மிச்சமாகும். அதற்காக இன்றே பொய்யை எழுதி, வரித்துறைக் கோப்பில் இருபது வருடம் அதைக் காத்துவைக்க எத்தனை பேர் துணிவார்கள்? பொய்யின் பலன் தொலைவில் இருக்கிறது, ஆபத்து அருகில் இருக்கிறது. விற்கும் ஆண்டில் மொத்தமாகப் புனைந்து எழுதும் இன்றைய முறையில் இரண்டும் இடம் மாறி நிற்கின்றன.

இரண்டாவது யோசனை வீட்டுக்காரர்களுக்கே பிடிக்காது. தானாகக் கிடைக்கும் கழிவை 30இலிருந்து பழைய நான்கில் ஒன்றுக்கு, அதாவது 25 சதவீதத்துக்கு இறக்கலாம். இறக்கியதற்கு ஈடாக, இருபத்தைந்து வயதைத் தாண்டிய கட்டடத்தில் வங்கி வழியாகப் பணம் கொடுத்துச் செய்த பெரிய மராமத்து அந்த 25ஐத் தாண்டினால், மிகுதியை ஐந்து ஆண்டுகளில் பிரித்துக் கழிக்க அனுமதிக்கலாம். 30ஐ அப்படியே வைத்துக்கொண்டு மேலே இதையும் கேட்டால், குறைவாகச் செலவழித்தவர் சதவீதத்தையும் கூடுதலாகச் செலவழித்தவர் பில்லையும் காட்டி, கருவூலம் இரண்டு பக்கமும் இழக்கும். அதனால்தான் இறக்கச் சொல்கிறேன். புதிய அடுக்ககத்துக்காரர் ஐந்து சதவீதத்தை இழப்பார். அவர் அந்த ஐந்தை எதற்காக வாங்கிக்கொண்டிருந்தார் என்று அவராலேயே சொல்ல முடியாது.

வீட்டுக்காரருக்கே மேலும் சலுகையா, வாடகை கொடுப்பவருக்கு என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இன்றைய விதியில் ஒழுகும் வீட்டை ஒழுகவிட்டவருக்கும், கடன்படாமல் கைப்பணம் போட்டுச் சரிசெய்தவருக்கும் வரி ஒன்றே. சரிசெய்வதற்கு வரிச் சட்டம் எந்தத் தூண்டுதலும் தரவில்லை. சரிசெய்யாமல் இருப்பதற்குத் தருகிறது, செலவழிக்காத பணத்துக்கும் கழிவு கிடைப்பதால். ஒழுகும் அறையில் பாத்திரம் வைத்துக்கொண்டு குடியிருப்பவர்தான் நான் முன்னே குறிப்பிட்ட அந்த மூன்றாம் ஆள்.

எஞ்சியிருப்பது எல்லைக்கோடு. அதற்கு அமெரிக்க விதிப்புத்தகம் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளை, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, மின்கம்பி ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வாடகைதாரர் சம்மதத்தோடு மேம்பாடு செய்தால் வாடகையைக் கூட்டலாம், மராமத்துக்காகக் கூட்ட முடியாது என்றும் அந்தச் சட்டம் பிரிக்கிறது. அதை வரிக் கணக்குக்காக யாரும் எழுதவில்லை, எல்லாக் கேள்விக்கும் அதில் பதிலும் இல்லை. ஆனாலும் ஒரு பக்கத்தில் அடங்கும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்க்க முடிகிறதென்றால், வரித்துறையும் ஒரு சுற்றறிக்கையில் அதே அளவுக்கு ஒரு பட்டியலைத் தரலாம். முழு வயரிங் மாற்றம் மூலதனம், ஓர் அறை வயரிங் மராமத்து. புதுத் தளம் மூலதனம், விரிசல் பூச்சு மராமத்து. ஷீட் கூரை மூலதனம். இதில் ஒன்றிரண்டு இனத்தில் நீங்கள் என்னோடு மாறுபடலாம். மாறுபட்ட பட்டியலாக இருந்தாலும், செலவு செய்வதற்கு முன்பே வீட்டுக்காரரின் கையில் அது இருந்தால் போதும். சுற்றறிக்கைக்கும் படிவத்தில் ஒரு கட்டத்துக்கும் நாடாளுமன்றம் கூட வேண்டிய அவசியமில்லை. 25 சதவீதத்துக்குத்தான் சட்டத்திருத்தம் வேண்டும்.